புளிநார் சிக்கிய இடம்

இதை எழுத எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு ஆடி மாதமும் நோட்டை எடுப்பேன். மேலே 'அம்மா துணை' என்று எழுதுவேன். அடுத்த வரி வராது. மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவேன். ஐந்தாவதோடு நின்ற படிப்புதானே, நமக்கு எழுத வருமா என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் என் வாயால் ஆன கெடுதலையும் எழுதியாக வேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரை அதற்குத் துணிவு வரவில்லை. இப்போது அவர் இல்லை. இனியும் நான் சும்மா இருந்தால் தெரு சொல்வதே உண்மை என்று ஆகிவிடும். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

எழுபதுகளின் பின்பாதியில் நடந்தது. ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. பாதிப் பேர் மில் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் மில்லிலிருந்து நின்றுவிட்டவர்கள். தெருமுனையில் அம்மன் கோயில். கருவறையில் இருக்கிற அம்மன் கல். மாசியிலும் ஆடியிலும் வீதி சுற்றி வருகிற அம்மன் வெண்கலம், ஒரு முழ உயரம். அந்த வெண்கல அம்மாவைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

என் வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் ஒரு சிலைப் பட்டறையில் செதுக்கு வேலை பார்த்தார். வார்ப்பது வேறு ஆட்கள். மண் அச்சை உடைத்து எடுக்கும்போது சிலையைப் பார்த்தால் சாமி என்று கும்பிடத் தோன்றாது. கறுத்து, பிசிறும் முண்டுமாக, உலோகம் ஊற்றின வழியெல்லாம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் அறுத்து, அராவி, ஓட்டை விழுந்த இடத்தில் துண்டு வைத்து அடைத்து, நகம், வளையல், புருவம் வரைக்கும் உளியால் எடுத்துக் கொடுப்பது செதுக்குக்காரர் பொறுப்பு. அவரிடம் துணியில் சுற்றின இரண்டு கட்டு உளிகள் இருந்தன. ஒரு கட்டு வெட்டுகிற உளி. இன்னொரு கட்டு வெட்டாத உளி. அதன் நுனி மழுங்கலாக இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டத் தட்ட, பொடி விழாமல், உலோகத்தை இருக்கிற இடத்திலேயே தள்ளிக்கொண்டு போகும்.

"வெட்டுறது எவனும் வெட்டிடுவான், தள்ளத் தெரியணும்" என்பார். அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு பேச்சுதான்.

அவருடைய அப்பா மில்லில் தறி ஓட்டினவர். இவர் பரம்பரைச் சிற்பி இல்லை. பட்டறையில் சேர்ந்து பழகிக்கொண்டவர். எல்லாம் நல்லபடியாக நடந்த வரைக்கும் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்வதென்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டித் தலைவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எந்தப் பேச்சையும் அவர் 'வுவாலா' என்று, பிரெஞ்சில் 'அவ்வளவுதான்' என்று அர்த்தமாம், இரண்டு கையையும் தட்டி முடிப்பார். அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது.

அம்மாவின் முகம் ரொம்பத் தேய்ந்துபோயிருந்தது. எத்தனை தலைமுறை பாலும் சந்தனமும் அதன் மேல் வழிந்ததோ. அபிஷேகத்துக்கு முன்னால் பூசாரி புளி போட்டுத் தேய்ப்பது வேறு. மூக்கு மழுங்கி, கண் இருந்த இடத்தில் இரண்டு நிழல் மட்டும் இருந்தது. ஆனால் உதடு மட்டும் இரண்டு ஓரமும் தேய்ந்து மேலே ஏறின மாதிரி ஆகி, அம்மா நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றே இருக்கும். என் முதல் குழந்தை மூன்று நாள்கூடத் தங்காமல் போனபோது நான் போய் நின்றது அந்தச் சிரிப்பின் முன்னால்தான். இரண்டாவது பிழைத்தபோதும் அங்கேதான் நின்றேன்.

"மொகம் சீர் பண்ண வெளியூர்லேர்ந்து ஆள் கூட்டியாரணுமா?" என்று சொல்தா கூட்டத்தில் கேட்டாராம். "நம்ம தெருவுலயே கை இருக்குது. செய்யட்டும். வுவாலா."

ஐயரை அழைத்து முறைப்படி அம்மனின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி வைத்தார்கள். அதன் பிறகு வேலை முடிகிறவரை அது வெறும் வெண்கலம்தான். அரிசி மண்டித் தராசில் எல்லார் எதிரிலும் எடை போட்டு, புதுத் துணியில் சுற்றி, சைக்கிள் ரிக்‌ஷாவில் தட்டாஞ்சாவடிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் மீன், கறி தொடவில்லை. செருப்புப் போடவில்லை. திண்ணமாகச் சொல்கிறேன், அந்த இருபத்துச் சொச்சம் நாளும் அவர் தறி ஓட்டினவர் மகனாக இல்லை, விரதம் இருக்கிற பக்தராக இருந்தார்.

மத்தியானச் சாப்பாடு நான்தான் பஸ்ஸில் எடுத்துப் போவேன். மணல் மூட்டை மேல் அம்மாவைப் படுக்க வைத்து, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் தலை தெரிந்ததும் முகத்தில் துணியைப் போட்டு மூடிவிடுவார். கண் திறக்காத முகத்தை வீட்டுப் பெண்கள் பார்க்கக் கூடாது என்பது அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம்.

"எல்லாம் தேஞ்சு போச்சே, எதப் பாத்துச் செய்யறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

விளக்குக் கரியையும் எண்ணெயையும் குழைத்து வைத்திருந்த கிண்ணத்தைக் காட்டினார். "இதத் தடவித் தொடச்சா, மேல இருக்கறது போயிடும். பழைய கோட்டுல மட்டும் கறுப்பு நிக்கும். தேஞ்சாலும் அடி இருக்குது. அது மேலயே தட்டிட்டுப் போறேன். நானா ஒரு கோடு போடல."

"பொடி எதுவுமே காணோமே கீழ?"

"வெட்டினாத்தான பொடி. மொகத்துல வெட்டுற உளிய நான் தொடவே மாட்டேன்."

அன்றைக்குத்தான் அம்மாவைக் கவிழ்த்து முதுகையும் காட்டினார். சடைக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அகலத்துக்குச் சதுரமாக ஓர் ஒட்டு. வார்த்தபோது விழுந்த ஓட்டையை அந்தக் காலத்து ஆள் துண்டு வைத்து அடைத்திருக்கிறான். மூன்று பக்கம் தடம் தெரியாமல் இழைந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் சரியாக உட்காராமல், தொட்டால் விரலில் சுருக்கென்று பிடித்தது.

"இத நீங்க மழுக்கிடலாமே" என்றேன்.

"முதுகு தேயவே இல்ல. தேயாத எடத்துல எனக்கு இன்னா வேல? அது அவன் கை. இருக்கட்டும்."

தை மாதம் அம்மா திரும்பி வந்தாள். அதே தராசில் எடை போட்டார்கள். முள் அதே இடத்தில் நின்றது. கோயிலில் வைத்துத் திரை கட்டி, மந்திரம் சொல்லி, என் வீட்டுக்காரர் கையாலேயே கண் திறந்தார்கள். கும்பாபிஷேகத்தன்று பட்டுப் புடவையும் பூவும் நகையுமாக அம்மா இருந்ததில் முகம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அபிஷேகத்தில்தான், பால் வழிந்து இறங்கினபின், நான் அந்த முகத்தைப் பார்த்தேன்.

சிரிப்பைக் காணவில்லை. உதடு மூடியிருந்தது. கண் நேராக, கூராக, என்னையே பார்த்தது. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் குழந்தையை அறிந்த முகம் அது இல்லை என்றே எனக்குப் பட்டது.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொல்லியிருப்பார், நானும் விளங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கேட்டுவிட்டாள்.

"இன்னாடி, ஒம் புருஷன் வேலயப் பாத்தியா? எப்படி இருக்குது?"

"இன்னாவோ போக்கா. நம்ம அம்மா மாதிரியே இல்ல. யாரோ வேற அம்மா வந்து நிக்கற மாதிரி இருக்குது."

நான் சொன்னது அவ்வளவுதான். குடம் நிறைந்தது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது தெருவில் எப்படி நடந்து போனது என்பதை நான் பின்னால் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று மத்தியானம் ரேஷன் கடை வரிசையில், "செதுக்கினவன் பொண்டாட்டியே சொல்லிட்டா, இது நம்ம அம்மா இல்லியாம்" என்று ஆகியிருந்தது. மறுநாள், "சிலைய மாத்திட்டானாம், அவளே ஒத்துக்கிட்டாளாம்." அந்தப் பட்டறைக்கு வெள்ளைக்காரர்கள் சிலை வாங்க வருவது ஊருக்கே தெரியும். அதனால் நான்காம் நாளே எங்கள் அம்மா கப்பல் ஏறிவிட்டாள். எந்தக் கப்பல் என்றுகூடச் சொன்னார்கள். பார்த்தவன் ஒருத்தன் இல்லை. குழாயடியில் நின்ற பெண்களில் ஒருத்தியாவது, அந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லையே என்று வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும்தான். நானும்தான். இந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. அவரை நடுவில் நிற்க வைத்தார்கள். பெண்கள் நாங்கள் தூணுக்குப் பின்னால் நின்றோம்.

"நம்ம அம்மா சிரிச்ச மொகமா இருப்பா. இது மொறைக்குது" என்றார் ஒருவர்.

"ஐயா, செஞ்சவங்க ஒதட்ட மூடித்தான் செஞ்சிருக்காங்க. பழைய கோடு அப்படித்தான் இருந்துச்சு. சிரிப்பு தேஞ்சு வந்தது."

"அப்ப இத்தன வருஷம் அம்மா எங்களப் பாத்துச் சிரிச்சது பொய்யின்றியா?"

அதற்கு அவர் என்ன சொல்வார்? எடையைச் சொன்னார். "போனப்பவும் வந்தப்பவும் ஒரே எடை. நீங்கதான் போட்டீங்க."

"அதே எடைக்கு இன்னொண்ணு வார்த்து எடுக்க முடியாதா ஒங்க பட்டறையில?" என்று இன்னொருவர் கேட்டு, நாலு பேரைச் சிரிக்கவும் வைத்தார்.

"தறிக்காரன் மவன் கையில சாமியக் குடுத்தா வேற இன்னா நடக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இத்தனைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

கடைசியாக அவர் முதுகில் இருந்த ஒட்டைச் சொன்னார். "சடைக்குக் கீழ ஒரு ஒட்டு இருக்குது. பழசு. தெனம் தொடறவரு பூசாரி ஐயா. அவரக் கேளுங்க."

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் வயசானவர், கையும் காலும் ஒடுங்கியவர். அம்மாவைத் தன் கையால் தேய்த்துக் குளிப்பாட்டியே நரைத்தவர். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும்.

"முதுகுலயா?" என்றார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்படி எதுவும் நெனவு இல்லீங்களே."

சொல்தா எழுந்தார். "வளத்திட்டே போக வேணாம். அம்மா முன்னாடி கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணட்டும். நாம ஏத்துக்குவோம். வுவாலா."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் தெருவில் சின்ன விஷயம் இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று நானும் நம்புகிறவள்தான். தட்டில் கற்பூரம் எரிந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவ நம்ம அம்மா இல்லன்னு நெனச்சுத்தான் என்ன நிக்க வச்சிருக்கீங்க. நம்ம அம்மா இல்லன்னா, இவ முன்னாடி நான் அடிக்கிற சத்தியம் எதுக்கு ஆவும்? நம்ம அம்மாதான்னா, சத்தியமே எதுக்கு?"

எவ்வளவு நியாயமான கேள்வி. கூட்டத்தில் ஒருத்தர்கூட அதை யோசிக்கவில்லை. 'பயந்துட்டான்' என்று கசகசவென்று பேச்சு எழுந்தது. சொல்தாவின் முகம் சிவந்துவிட்டது.

"ஒம் பொண்டாட்டியே சொல்லிச்சே ஐயா, வேற அம்மான்னு. அதுக்கு இன்னா சொல்ற?"

தூணுக்குப் பின்னால் நான் இருப்பது அவருக்குத் தெரியும். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கற்பூரம் எரிந்து முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் ஓடிப்போய் வீட்டில் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "நாந்தான் சொன்னேன். இப்படி ஆவும்னு நெனச்சுச் சொல்லல" என்று அழுதேன்.

"தெரியும்" என்றார். "சோறு போடு."

அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மாசியில் அம்மா வீதி வந்தாள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தோளிலிருந்து இறக்காமல் பல்லக்கை நிறுத்துவார்கள், தாம்பாளத்தை வாங்கித் தீபாராதனை காட்டுவார்கள். நான் வாசல் தெளித்து, கோலம் போட்டு, தேங்காய் பழத்தோடு நின்றேன். பக்கத்து வீட்டில் நின்றது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அடுத்த வீட்டில் நின்றது. தூக்கினவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள். பூசாரி தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். என் தாம்பாளத்தில் சூடம் அப்படியே இருந்தது. அம்மா முகத்தைப் பார்த்தேன். அவர் தட்டித் தட்டி எடுத்த அந்தக் கண், அவர் வீட்டு வாசலை நிற்காமல் கடந்து போயிற்று. அன்றைக்கு எனக்கு அம்மாவின் மேலேயே கோபம் வந்தது, மறைக்கவில்லை.

கோயில் வேலைக்கென்று பட்டறைக்கு வருகிறவர்கள், செதுக்குவது யார் என்று கேட்டுவிட்டு, வேறு கை இருந்தால் கொடுங்கள் என்றார்களாம். குத்துவிளக்கின் அன்னப்பட்சி, தாம்பாளத்து ஓரப் பூ, இப்படித்தான் அவருக்கு வேலை வந்தது. சாமி முகம் ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை. தெரிந்த வேலையை ஒரு மனுஷனிடமிருந்து பிடுங்கிவிட்டு, அவன் எப்போதும் போல சைக்கிளில் போய் வருகிறானே, குற்றம் செய்யாதவன் இப்படியா இருப்பான் என்று அதையும் பேசினார்கள்.

ஆடி வந்தது. முதல் வெள்ளிக்கு முந்தின நாள் கோயில் பாத்திரம் தேய்ப்பது பெண்கள் வேலை. கோயிலுக்குப் பின்னால் அடிபம்புக்குப் பக்கத்தில் விளக்கு, தட்டு, மணி எல்லாவற்றையும் குவித்துப் போட்டுப் புளி கரைத்துத் தேய்ப்போம். அம்மாவைத் தேய்ப்பது பூசாரி மட்டும். பக்கத்திலேயே பலகை போட்டு, மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு தேய்ப்பார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் போனேன். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நகர்ந்து இடம் விட்டாள். ஒரு பெரிய விளக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தேய்த்துக்கொண்டே நான் பூசாரி கையைத்தான் பார்த்தேன். முன்னெல்லாம் புளியோடு செங்கல் பொடியும் தூவித் தேய்ப்பார், சீக்கிரம் பளபளக்கும் என்று. பொடி போடாதீர்கள் என்று சொல்தா பல தடவை சத்தம் போட்டிருக்கிறார். அன்றைக்குப் பொடி இல்லை. வெறும் புளி, பழந்துணி. முகத்தைத் தடவினார். தோளைத் தேய்த்தார். அம்மாவைத் திருப்பி முதுகில் புளியைப் பூசிக் கழுவினார். கழுவிவிட்டு, யாரோடோ நாளைக்குக் கூழ் ஊற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே, இடுப்பில் செருகியிருந்த தீக்குச்சியை எடுத்தார். முதுகைப் பார்க்காமலேயே சடைக்குக் கீழே கட்டைவிரலை வைத்துத் தடவி, ஓர் இடத்தில் நிறுத்தி, குச்சியால் நெம்பினார். ஒரு புளிநார் வந்தது. விரலில் துடைத்துக்கொண்டு, அங்கேயே இன்னொரு தடவை நெம்பினார். இன்னொரு நார்.

கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தேன்.

"பூசாரி ஐயா" என்றேன். "இது புதுச் சிலைதான?"

அவர் நிமிர்ந்தார். மற்றவர்களும் தேய்ப்பதை நிறுத்தினார்கள்.

"புதுச் சிலையில நார் எங்க போயிச் சிக்கும்னு ஒங்க கைக்கு எப்படித் தெரிஞ்சுது? குச்சியக்கூட வீட்லேர்ந்தே செருகிட்டு வந்திருக்கீங்களே."

பக்கத்து வீட்டு அக்கா எழுந்து போய், யாரையும் கேட்காமல், அம்மாவின் முதுகில் விரலை வைத்தாள். அம்மாவைப் பெண்கள் தொடக்கூடாது என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

"ஆமாம், சுருக்குன்னு பிடிக்குதே" என்றாள்.

"எத்தன வருஷமா எடுக்கறீங்க ஐயா இந்த நார?" என்று கேட்டேன்.

பூசாரி அம்மாவை மடியிலிருந்து இறக்கவில்லை. குழந்தையைக் கட்டிக்கொள்கிற மாதிரி கட்டிக்கொண்டு, "எங்கப்பாதான் காட்டிக் குடுத்தாரு. வெள்ளிக்கு வெள்ளி எடுக்கறதுதான்" என்றார்.

"அப்ப அன்னிக்கு நெனவு இல்லன்னீங்களே?"

"நம்ம அம்மாதான்னு சொன்னா, சிரிப்பு தேஞ்சு வந்ததுன்னு ஆயிடும். அப்ப மொகத்தத் தேச்சவன் யாருன்னு அடுத்து கேப்பாங்களேம்மா. செங்கப் பொடி போட்டது நாந்தான. கோயில விட்டு எறக்கிட்டா நான் எங்க போவேன்?"

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரக்கத்தோடு கோபம் போய்விடவில்லை. தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தனைச் சாமி திருடின ஆளாக்கிவிட்டு, ஆறு மாதம் அதே கையால் எங்கள் எல்லாருக்கும் திருநீறு கொடுத்திருக்கிறார்.

யாரோ போய்ச் சொல்தாவை அழைத்து வந்தார்கள். அவரும் ஒட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அம்மா நம்ம அம்மாதான். சந்தேகம் தீந்துச்சு. இனிமே யாரும் இதப் பேச வேணாம்" என்றார். என் பக்கம் பார்க்காமலேயே கையைத் தட்டினார். "வுவாலா."

அவ்வளவுதான். என் வீட்டுக்காரரை நிற்க வைத்தது ஊர் கூடின மண்டபத்தில். விடுவித்தது கோயில் பின்புறம், அடிபம்பு ஓரம், அவர் இல்லாதபோது. ஒருத்தர் வந்து வீட்டு வாசலில் நின்று, தப்பா நெனச்சிட்டோம் என்று சொல்லவில்லை. நான் சாயந்திரம் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நார் எடுத்தாரா? நல்லவேள, அந்த ஓரத்த மழுக்காம விட்டேன்."

ஆடி வெள்ளியன்று பல்லக்கு எங்கள் வாசலில் நின்றது. தாம்பாளத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். தீபாராதனை வெளிச்சத்தில் அம்மா முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வரும் என்று நான் நினைத்தேன்.

"எடது புருவம் ஒரு நூலு ஏறிடுச்சு" என்றார். "அப்பயே தெரியல."

இதோடு முடிந்திருந்தால் நான் நோட்டை எடுத்திருக்கமாட்டேன். எண்பதுகளின் கடைசியில் மறுபடி கும்பாபிஷேகம் வந்தது. நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். கோயிலின் பெருமை என்று அதில் இப்படி இருந்தது: சென்ற கும்பாபிஷேகத்தின்போது அம்மன் தன் திருமுகத்தைத் தானே மாற்றிக்கொண்டு பக்தர்களைச் சோதித்தாளாம். தன் முதுகில் ஓர் அடையாளத்தைத் தோன்றச் செய்து, தான் பழைய அம்மனே என்று உணர்த்தினாளாம். செதுக்கியவர் என்று ஒரு வார்த்தை இல்லை. உளி இல்லை. தேய்த்த கையும் இல்லை, புளிநாரும் இல்லை.

அவரிடம் நோட்டீஸைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் விடவில்லை. நேரே சொல்தா வீட்டுக்குப் போனேன். அவர் அப்போது நாற்காலியை விட்டு எழ முடியாத வயசு.

"பக்திக்காக எழுதினதும்மா" என்றார். "ஒன் வீட்டுக்காரருக்கும் நல்லதுதான? திருட்டுப் பேரு போயிடுச்சே."

"திருட்டுப் பேரு போயிடுச்சு ஐயா. வேலப் பேரும் சேந்து போயிடுச்சே" என்றேன்.

அவர் கையைத் தூக்கினார், தட்டுவதற்கு. தட்டவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

நான் சாமியை நம்புகிறவள். அம்மா கேட்கிறாள், பார்க்கிறாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் துளிச் சந்தேகம் இல்லை. அவள் பேரைச் சொல்லித்தான் கேட்கிறேன்: எங்கள் கையால் தேய்ந்தவளை ஒரு மனுஷன் விரதம் இருந்து, பொடி விழாமல், பழைய கோட்டின் மேலேயே தட்டித் தட்டி மீட்டுக் கொடுத்தது போதாதா? அது அதிசயம் இல்லையா? நாம் செய்த பாவத்தை மூட அவளையும் பொய்க்குச் சாட்சி இழுக்க வேண்டுமா? அந்தக் கூர்மையான கண்ணை இப்போது எனக்குப் பிடிக்கும். பழைய சிரிப்பைத் தேடுவதில்லை. அந்தக் கண் முன்னால் நின்று பொய் சொல்ல வராது.

படிக்கிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அவரை மகான் ஆக்க வேண்டாம், புருவம் ஒரு நூல் ஏறினதையும் சொல்லுங்கள். பூசாரி அழுததை விட வேண்டாம், அவர் பொய் சொன்னதையும் விட வேண்டாம். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொன்னேனோ அதை அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். எனக்காகக் குறைக்க வேண்டாம். ஒரு வார்த்தை கூடினால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் பார்த்தாகிவிட்டது.